அதிகாரம் கொஞ்சம் கம்மியா

லிஃப்ட்காரருக்கு உயரம் என்றால் பயம் கிடையாது. வானத்தைத் தொடுகிற கட்டடத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழே பாழுங்கிணறு மாதிரி வாயைப் பிளந்திருக்கும் இருட்டைப் பார்த்தபடி நிதானமாக ஆப்பிள் தின்பார். இரும்புக் கயிறு கிறீச்சிட்டால் மற்றவர்களுக்கு உயிர் போய்த் திரும்பும். அவருக்கு, எண்ணெய் போட வேண்டும் என்று மட்டும் தோன்றும்.

அப்பேர்ப்பட்டவருக்கு அன்றைக்கு அதே கூரை மேல் தொடை நடுங்கியது. இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நலம் விசாரித்தன. காரணம், கைப்பேசியில் வந்து விழுந்த ஒரே ஒரு வார்த்தை.

‘குடும்பத்தோட.’

அனுப்பியவர் சவுண்டு. லிஃப்ட்காரரின் சிநேகிதர், அச்சகத்தில் வேலை. ஓடுகிற இயந்திரங்களுக்கு நடுவில் வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி, இப்போது ரகசியம் சொன்னால்கூட எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். இன்னொரு சிநேகிதர் டாக்டர். படித்த டாக்டர் இல்லை. மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர். பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படித்துப் படித்தே, உலகத்தில் உள்ள அத்தனை வியாதியும் தனக்கு இருப்பதாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஒரே தொழிற்பள்ளியில் ஒரே பெஞ்சைத் தேய்த்த இந்த மூவரும், எங்காவது கூடி உட்கார்ந்து நல்லதாக ஒரு சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்து ரொம்ப நாளாகிவிட்டது. எங்கே கூடுவது என்று பேசுவதற்காகவே பல தடவை கூடிவிட்டார்கள்.

“பஸ் நிலையத்துக்குப் பின்னாடி, மாடியில, புதுசா ஒரு இந்தியன் ரெஸ்டாரண்ட் திறந்திருக்காங்கடா. வாசனை கீழ வரைக்கும் வருது” என்றார் சவுண்டு.

“வாசனை கீழ வருதுன்னா எண்ணெய் மேல மிதக்குதுன்னு அர்த்தம்” என்றார் டாக்டர். “நமக்கு ஆகாது. எனக்குக் கொழுப்பு.”

“அது ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே!”

ஒரு வழியாக அந்த இந்திய உணவகம்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் என்று முடிவாயிற்று. லிஃப்ட்காரருக்கு ஒரே நிபந்தனை. ஆண்கள் மட்டும். மற்றவர்களும் மண்டையை ஆட்டியிருந்தார்கள். இப்போது திடுதிப்பென்று ‘குடும்பத்தோட’ என்றால்?

குடும்பத்தோடு சாப்பிடுவதில் என்ன பயம் என்று கேட்கலாம். பயம் சாப்பாட்டில் இல்லை. பேச்சில்.

சிநேகிதர்கள் மத்தியில் லிஃப்ட்காரருக்குச் சிங்கம் என்று பெயர். அவர்களாக வைத்த பெயர் இல்லை. இவராகப் பேசிப் பேசி வாங்கிக்கொண்ட பெயர். “நம்ம வீட்டுல நான் செருமினாப் போதும், மின்விசிறிகூட மெதுவாச் சுத்தும்” என்பார். “காபின்னு சொல்ல வாயைத் திறப்பேன். ‘கா’ங்கும்போதே டம்ளர் கையில இருக்கும். ‘பி’ சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்ல” என்பார். “என்னைக் கேக்காம என் வீட்டுக்காரி தண்ணி குடிக்க மாட்டாடா” என்றும் ஒரு நாள், உற்சாக மிகுதியில், சொல்லிவிட்டார். வருஷம் ஏற ஏறக் கதையும் ஒவ்வொரு மாடியாக ஏறியது. இறக்கிவிட அவருக்கு மனசு வரவில்லை.

உண்மையில் அந்த வீட்டில் காபி போடுவது அவர். டம்ளரைக் கழுவுவதும் அவர். செருமினால், “மாத்திரை போட்டீங்களா?” என்று ஒரு குரல் வரும்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் மனைவி, சலவை இயந்திரக் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் இருப்பவள். காதில் தொலைபேசிக் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஜனங்கள் சொல்லும் பொய்யைப் பொறுமையாகக் கேட்பதுதான் தொழில். “ஒண்ணுமே செய்யலைங்க, மிஷின் தானாவே நின்னுபோச்சு” என்று ஒருவன் ஆரம்பித்தால், உள்ளே செருப்பைப் போட்டு ஓட்டியிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிடும். இடது செருப்பா வலது செருப்பா என்பதையும் குரலை வைத்தே சொல்லிவிடுவாள் என்று அலுவலகத்தில் பேச்சு. கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள். மரியாதை கூடும். அந்த மரியாதைக்குத்தான் லிஃப்ட்காரர் நடுங்குவார்.

லிஃப்ட் கூரையிலிருந்தே சவுண்டைக் கூப்பிட்டார்.

“ஏன்டா திடீர்னு குடும்பம்?”

“என் வீட்டுக்காரி உன் வீட்டம்மாவை நேர்ல பார்த்தே ஆகணுமாம்டா.”

“எதுக்கு?”

“முந்தாநாள் நானும் உன்னை மாதிரி நாற்காலியில சாய்ஞ்சுக்கிட்டு, ‘காபி’ன்னு ஒரு சொடக்குப் போட்டேன். அவ வந்தா. காபியோட இல்ல. சொடக்குப் போட்ட விரலை அப்படியே பிடிச்சுக்கிட்டா. ‘இதை எங்க கத்துக்கிட்டே?’ன்னா. வலி தாங்கல. உன் பேரைச் சொல்லிட்டேன்.”

சவுண்டின் மனைவி நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர். தோள் இரண்டும் இரட்டைக் கதவு மாதிரி இருக்கும். தண்ணீரைக் கண்டு அழுகிற பிள்ளைகளை அப்படியே அலாக்காகத் தூக்கி உள்ளே போடுவார் என்று கேள்வி.

“வரலாம்தான்... ஆனா என் வீட்டுல அவளுக்குப் பயங்கரப் பல்வலிடா” என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுக் கைப்பேசியை அணைத்தார். சிநேகிதர் பக்கம் ஒரு பொய் போட்டாயிற்று. வீட்டுப் பக்கத்துக்கும் ஒன்று வேண்டும். வேலை முடியும்வரை யோசித்தார்.

சாயங்காலம் மனைவி சமையல் மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் பக்கத்தில் போய் நின்று, துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

“ஏம்மா, ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாயேன்.”

கத்தி நின்றது.

“எந்த அக்கா?”

“உன் அக்காதான்.”

“அவ பேரை எடுத்தாலே உங்களுக்கு வயித்துவலி வருமே.”

“எனக்குத்தானே வரும்? உனக்கு என்ன, நீ போ.”

“நீங்க?”

“எனக்கு அன்னிக்கு ஒரு லிஃப்டு வேலை. பாதியில நிக்குது.”

“உங்க பேச்சு மாதிரியா?”

லிஃப்ட்காரர் சிரித்துப் பார்த்தார். பாதியிலேயே அதுவும் நின்றுவிட்டது.

“ம்” என்றாள் மனைவி. ஒரே எழுத்து. அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர் அதே தட்டை இன்னொரு தடவை துடைத்தார்.

“சரி, நான் கேட்டது என்னாச்சு?” என்றாள் பிறகு.

கேட்டது இதுதான். புகார்ப் பிரிவில் அவளுக்கு மேற்பார்வையாளர் பதவி வந்திருக்கிறது. அதற்கு முன்னால் தலைமை அலுவலகம் இருக்கிற ஊரில் சில மாசம் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். “போகட்டுமா?” என்று கேட்டதிலிருந்து லிஃப்ட்காரர், “பார்க்கலாம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போக வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. போ என்று சொல்லவும் தைரியமில்லை. மகள் படிக்கப் போய் விடுதியில் சேர்ந்ததிலிருந்தே வீடு வாயடைத்துப் போய் இருந்தது. மனைவிக்குக் கொஞ்சம் வேலை அதிகமாகி வரத் தாமதமானால், லிஃப்ட்காரர் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டு, ரேடியோவை அலறவிட்டு, வாசல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கும்மிருட்டான லிஃப்ட் குழிக்குள் தனியாக இறங்குகிற மனிதர் அவர். ஆனால் அங்கே ஆள் இல்லாதது வழக்கம். வீட்டில் ஆள் இல்லை என்பது வேறு.

“பார்க்கலாம்மா” என்றார் இப்போதும்.

“ம்” என்றாள் மறுபடியும்.

மாட்டியது அடுத்த நாள். லிஃப்ட்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கைப்பேசி அடித்தது. சோப்புக் கையோடு எடுத்தார். அது மீன் மாதிரி வழுக்கி மேடையில் விழுந்தது. ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்க வேண்டிய தேவையே இல்லாமல் சவுண்டின் குரல் சமையலறையை நிறைத்தது.

“டேய் சிங்கம்! வீட்டம்மாவுக்குப் பல்வலி எப்படிடா இருக்கு?”

மனைவி அப்போது ஒரு முழுக் காரட்டைக் கடித்தாள். கடக்.

“என்னடா சத்தம்? பல்லா?”

“காரட்டு... இல்ல, பல்லுதான்.”

“பிடுங்கிடணும்னு டாக்டர் சொல்றான். நீ உத்தரவு குடுத்தாத்தானே அவங்க வாயையே திறப்பாங்க? குடுத்துத் தொலைடா! ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்தியன் ரெஸ்டாரண்ட்டுக்கு நீ கூட்டிட்டு வரலேன்னா, என் வீட்டுக்காரி நேரா உன் வீட்டுக்கு வந்து நிப்பா. நீ அவங்களைக் கொடுமை பண்றேன்னு ஒரே பிடியா நிக்கிறா!”

குரல் நின்றது.

மனைவி காரட்டை மென்று விழுங்கினாள். ஈரத் துணியால் கைப்பேசியைத் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

“ஏங்க, பாதியில நிக்கிற அந்த லிஃப்டு எந்த ரெஸ்டாரண்ட்லங்க இருக்கு?”

மரியாதை கூடிவிட்டது.

“அது வந்து...”

“உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க. பதற்றப்படாம சொல்லுங்க. இந்தப் பிரச்சினை எப்ப ஆரம்பிச்சுது?”

அதற்கு மேல் அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மின்விசிறி, காபி, தண்ணீர் ஒன்றையும் விடவில்லை. அவள் நடுவில் குறுக்கிடவே இல்லை. “ஆமாங்க”, “அப்புறங்க?” என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். முடிந்ததும் லிஃப்ட்காரர் இரண்டு கையையும் கூப்பினார். சோப்பு நுரை முழங்கை வரை வழிந்தது.

“ஒரே ஒரு மத்தியானம்மா. கொஞ்சம் அடக்க ஒடுக்கமா இருக்கற மாதிரி நடிச்சுட்டு வந்துரு. என் மானம் உன் கையிலதான் இருக்கு. அப்புறம் ஆயுசுக்கும் நீ சொன்னபடி கேக்குறேன்.”

“அது இப்பவே நடக்குதே.”

“இன்னும் நல்லாக் கேக்குறேன்.”

அவள் மீதிக் காரட்டை ஒரு கடி கடித்தாள்.

“செஞ்சுட்டாப் போச்சு” என்றாள்.

அவ்வளவு சுலபமாகவா? லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் பிடித்தது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுக்க அவள் சந்தேகம் கேட்டுக்கொண்டே இருந்தாள். புகாரைப் பதிவு செய்கிற அதே கவனம்.

“உக்காரும்போது மட்டும் உங்களைக் கேக்கணுமா, எழுந்திருக்கும்போதுமா?”

“ரெண்டுக்கும் வேணாம். சும்மா ஒரு தடவை பார்த்தாப் போதும்.”

“எந்த மாதிரி பார்க்கணும்? பயந்தா, பாசமா?”

“பயந்து. ஆனா பாசமா.”

“தும்மல் வந்தா?”

“ஏம்மா, தும்மலை நான் எப்படி நிறுத்த முடியும்?”

“இல்ல, முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டா நல்லது பாருங்க. பின்னால புகார் வரக்கூடாது.”

அவள் முகத்தில் ஒரு குறும்பும் இல்லை. அதுதான் அவருக்கு ஆகவில்லை. வேலையில் ஒரு திருகாணியை இறுக்குவதற்குப் பதில் தளர்த்தினார். இன்னொரு கட்டடத்தில், மேலே போக வேண்டிய பொத்தானை அமுக்கினால் லிஃப்ட் கீழே போகிற மாதிரி கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். மறுபடி போய்ச் சரி செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காரை வழக்கம்போல மனைவிதான் ஓட்டினாள். பஸ் நிலையத்துக்கு முந்தின முனையில் நிறுத்தி, இறங்கி, இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். மீதித் தூரத்தைச் சிங்கம், முதல் கியரிலேயே, வியர்க்க வியர்க்க ஓட்டி முடித்தது.

உணவகம் மாடியில். படியேறும்போது மனைவி அவருக்கு ஒரு படி பின்னாலேயே வந்தாள். அவர் நின்றால் நின்றாள். மூச்சு வாங்க அவர் நின்றபோது பின்னால் வந்தவர்களும் சேர்ந்து நிற்க வேண்டியதாயிற்று.

சிவப்பு விரிப்புப் போட்ட மேசை. சுவரெல்லாம் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் லிஃப்ட்காரருக்குத் தன் வெளிறிப்போன முகமே தெரிந்தது. சவுண்டும் டாக்டரும் மனைவிமாரோடு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரின் மனைவி தையல்காரி. அதிகம் பேசாதவர், ஆனால் ஆளைப் பார்வையாலேயே அளவெடுப்பவர். சவுண்டின் மனைவி எழுந்து வந்து லிஃப்ட்காரரின் மனைவி கையைப் பிடித்தார்.

“வாங்கம்மா, உக்காருங்க.”

அவள் உட்காரவில்லை. தலையைக் குனிந்தபடி கணவரைப் பார்த்தாள். பயமும் பாசமும் சரிபாதி. சொன்னது சொன்னபடி.

“உக்காரு” என்றார் லிஃப்ட்காரர். குரல் கம்பீரமாக வந்தது. சவுண்டு டாக்டரின் விலாவில் இடித்து, ‘பார்த்தியா?’ என்று கண்ணைக் காட்டினார். ஆகா, தங்கமான மனைவி, வீணாகப் பயந்துவிட்டோம் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். மார்பு கொஞ்சம் விரிந்தது.

பரிமாறுகிறவர் வந்தார். நெடிய ஆள், கறுப்பு மேல்சட்டை. கையில் குறிப்புச் சீட்டு.

“ஆர்டர் யாருங்க குடுக்கறது?”

“எப்பவும் அவர்தாங்க” என்றாள் மனைவி, மெல்லிய குரலில்.

சவுண்டின் மனைவி புருவத்தைத் தூக்கினார். “மெனு கார்டைப் பிரிச்சுப் பாருங்கம்மா. உங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லுங்க.”

“எனக்கு என்ன பிடிக்கும்னு அவருக்குத்தாங்க தெரியும். எனக்கு ஞாபகமில்ல.”

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். மனைவி சட்டென்று நிமிர்ந்து, அவசரமாக மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். எல்லோரும் மேலே பார்த்தார்கள். அவருக்குப் பகீர் என்றது.

“காரம் எவ்வளவுங்க போடட்டும்? அதிகமா, கம்மியா?” என்றார் பரிமாறுகிறவர்.

“அதிகாரம் எல்லாம் அவருக்குங்க. எனக்கு வெறும் காரம் போதும்” என்றாள் மனைவி.

பரிமாறுகிறவர் பேனாவை மூடினார். லிஃப்ட்காரரை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் வீட்டில் அக்கா தங்கை இருந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் அந்த மேசையில் ரொட்டி எல்லோருக்கும் சூடாக வந்தது. லிஃப்ட்காரருக்கு வந்தது காலணி செய்ய உதவும்.

சாப்பாட்டின் நடுவில் மனைவிக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் டம்ளர் எதிரேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. விக்கியபடியே கணவரைப் பார்த்தாள்.

“என்னங்க... குடிக்கட்டுங்களா?”

“குடி, குடி!”

“எத்தனை மடக்குங்க?”

டாக்டரின் மனைவி கரண்டியைத் தட்டில் வைத்தார். அதுவரை வாய் திறக்காத அந்தம்மா, “உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்காண்ணே?” என்றார். டாக்டர் உடனே தன் நாற்காலியை லிஃப்ட்காரரிடமிருந்து கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார், இவருடைய வியாதி தனக்கும் ஒட்டிக்கொண்டு விடும் என்பது மாதிரி.

லிஃப்ட்காரர் மேசைக்கு அடியில் மனைவியின் காலை மெதுவாக மிதித்தார். போதும், நிறுத்து என்று அர்த்தம்.

“ஐயோ, மன்னிச்சுக்குங்க! இனிமே சத்தமா மெல்ல மாட்டேன்” என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி.

“மிதிச்சாரா?” என்றார் சவுண்டின் மனைவி. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். லிஃப்ட்காரரின் கால் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

“இல்லீங்க, பாசத்துல மிதிச்சாரு.”

அடுத்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். சுவர்க் கண்ணாடிகள் அத்தனையிலும் முறைக்கிற முகங்கள். லிஃப்ட்காரருக்கு ஒரு விஷயம் உறைத்தது. இதற்கு மேல் சிங்கமாக இருந்தால் தோலை உரித்துவிடுவார்கள். உண்மையைச் சொல்லிவிடுவதே உயிருக்கு நல்லது.

“இங்க பாருங்க” என்று எழுந்தார். “நான் இத்தனை நாளாச் சொன்னதெல்லாம் பொய். சும்மா அளந்தேன். வீட்டுல இவளைக் கேக்காம நான் செருப்புக்கூடப் போட மாட்டேன். காபி போடறது நான். பாத்திரம் தேய்க்கறது நான். இப்ப இவ பண்றதெல்லாம் நடிப்பு. நான்தான் நடிக்கச் சொன்னேன். சத்தியம்!”

எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள். அவள் கண் அகலமாக விரிந்திருந்தது. கை நடுங்க, தன் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

“நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேங்களா? இப்படியெல்லாம் பேசாதீங்க, பயமா இருக்கு. ஆமாங்க, அவர் சொல்றதெல்லாம் நிஜம்தாங்க. பாத்திரமெல்லாம் அவர்தாங்க தேய்க்கிறாரு. அவர் என்ன சொன்னாலும் அது அப்படித்தாங்க.”

அவ்வளவுதான். ஒருவரும் அவர் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட நம்பவில்லை. பொய்யையே கேட்டுக் கேட்டுத் தேறியவள், மெய்யை எப்படிப் பொய்யாக்குவது என்றும் கற்று வைத்திருந்தாள். லிஃப்ட்காரர் மெதுவாக உட்கார்ந்தார்.

“டேய்,” என்றார் சவுண்டு. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் குரல் தணிந்திருந்தது. “நீ பெரிய ஆளுன்னு நினைச்சேன். இவ்வளவு மோசமானவனாடா நீ?”

சவுண்டின் மனைவி தன் நாற்காலியை இழுத்து லிஃப்ட்காரர் மனைவியின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “நீங்க வேலைக்குப் போறீங்கதானே? அதுக்காவது விடுறாரா?”

“விடுறாருங்க. மேற்பார்வையாளர் பதவிக்குப் பயிற்சி எடுக்க வரச் சொல்லியிருக்காங்க. வெளியூர். அவரைக் கேட்டேன். ‘பார்க்கலாம்’னாரு.”

“அப்புறம்?”

“அவர் பார்க்கறாருங்க. நான் காத்துக்கிட்டிருக்கேன்.”

லிஃப்ட்காரர் தலை நிமிர்ந்தது. அன்று மத்தியானம் முழுக்க அவள் பேசியதில் நடிப்புக் கலக்காத உண்மை இது ஒன்றுதான். அவளைப் பார்த்தார். அந்தப் பயந்த கண்ணுக்கு அடியில், மிகவும் அமைதியாக, இன்னொரு கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் விளையாட்டு இல்லை. ஒரு நொடி அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

“எத்தனை நாளாப் பார்க்கறீங்க?” என்றார் சவுண்டின் மனைவி. தோள்கள் இரண்டும் நெருங்கி வந்தன. குளத்தங்கரையில் நிற்கிற பிள்ளையின் கதி லிஃப்ட்காரருக்குப் புரிந்தது.

“போகட்டும்” என்றார்.

“அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க. வாய் நிறைய.”

“போ! போயிட்டு வாம்மா! தாராளமாப் போ!”

“உத்தரவுங்களா?” என்றாள் மனைவி.

“உத்தரவு!” என்று கத்தினார். அடுத்த மேசையில் கைதட்டினார்கள். பரிமாறுகிறவர் முதல் தடவையாக அவருக்கு ஒரு சூடான ரொட்டி கொண்டுவந்து வைத்தார். லிஃப்ட்காரரால் அதைச் சாப்பிட முடியவில்லை.

திரும்பும்போது இடம் மாறுகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. மனைவி நேராக ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். லிஃப்ட்காரர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டார்.

“ஏம்மா, கோபமா?”

“இல்லையே.” வழக்கமான குரல்தான். கூடுதல் மரியாதை இல்லை. அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

“பயிற்சிக்கு... நிஜமாவே போகப்போறியா?”

“நீங்கதானே உத்தரவு குடுத்தீங்க.”

“அது எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்கன்னு சொன்னது. அவசரமில்லையே. நாளைக்கு ஆபீஸ்ல மெதுவாக் கேட்டுப் பார்த்து, யோசிச்சு...”

“கேட்டாச்சு. போன வாரமே சம்மதம் சொல்லியாச்சு. தங்க அறைகூடப் பார்த்துட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்.”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. லிஃப்ட்காரரின் இதயமும் கொஞ்சம் நின்று, பிறகு கிளம்பியது.

“அப்ப நான் குடுத்த உத்தரவு?”

“அது உங்க மரியாதைக்கு. வீட்டுக்காரரைக் கேக்காமக் கிளம்பிட்டான்னு உங்க சிநேகிதங்க பேசக்கூடாதில்ல? உங்க மானம் என் கையிலதான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு கண்முன்னால் வந்தது. கூடம், படுக்கையறை, மகளுடைய அறை. எல்லா விளக்கையும் போட்டாலும் எங்கேயும் ஆள் இல்லை.

“நான் மட்டும் தனியா எப்படிம்மா இருப்பேன்?”

பச்சை விளக்கு விழுந்தது. மனைவி ஒரு கையை எடுத்து அவர் கை மேல் வைத்து, ஆதரவாக அழுத்தினாள்.

“பயப்படாதீங்க. நான் வர்ற வரைக்கும் அந்த வீட்டுல நீங்க வெச்சதுதான் சட்டம். எதிர்த்துப் பேச ஈ காக்கா இருக்காது.”